வீட்டுக்கு எலிப்டிகல் வாங்கப் போகிறீர்களா? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடைக்குப் போவதற்கு முன், மொபைலில் விலை தேடுவதற்கும் முன், இன்ச் டேப்பைக் கையில் எடுங்கள். எலிப்டிகல் என்பது நின்றபடி இரண்டு பெடலை மிதித்து, ஹேண்டிலைத் தள்ளி இழுத்து ஓட்டும் உடற்பயிற்சி மெஷின். அதை வாங்கிச் சில மாதங்களில் ஓரங்கட்டுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூர்ந்து பார்த்தால் பலருக்கு மெஷினே உடம்புக்குப் பொருந்தியிருக்காது. ஸ்ட்ரைட், அதாவது பெடல் முன்னும் பின்னும் போய்வரும் நீளம், குட்டையாக இருக்கும், இரண்டு பெடலுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருக்கும், அல்லது மெஷின் நிற்கும் மாடி அறை பகல் பத்து மணிக்கே அனலாகக் கொதிக்கும். கடையில் இதை யாரும் கேட்பதில்லை. எத்தனை புரோகிராம், எவ்வளவு பெரிய திரை, புளூடூத் உண்டா என்பதிலேயே பேச்சு ஓடும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் இடம், அடுத்து உடம்பு, பிறகு மெஷினின் இரும்பு. திரை கடைசியில்.

வீட்டு மாடல்களில் எலிப்டிகல், கிராஸ் டிரெய்னர் என்ற இரண்டு பெயருமே ஒரே மெஷினைத்தான் குறிக்கும். ஆர்பிட்ரெக் என்ற பெயரில் சீட் வைத்து, 10,000 ரூபாய்க்கு அக்கம்பக்கமாக விற்கிற மெஷினும் இதே பட்டியலில் வரும். அவற்றில் பல, சக்கரத்தின் மேல் ஃபெல்ட் துணியோ பட்டையோ உரசுவதால் கிடைக்கும் இறுக்கத்தில் ஓடுகிறவை. உரசுகிற பொருள் தேயும், நாற்றம் வரும், இறுக்கமும் நாளுக்கு நாள் மாறும். தினமும் அரை மணி நேரம் ஓட்ட நினைப்பவர்கள் காந்த ரெசிஸ்டன்ஸ், அதாவது உரசாமல் காந்தத்தால் கிடைக்கும் இறுக்கம், உள்ளதை மட்டும் பாருங்கள்.

1. இடத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

உயரம்தான் முதலில். வீட்டில் ஓட்டப்போகிறவர்களில் உயரமானவரின் உயரம், அதோடு பெடல் மேலே வரும்போது தரையிலிருந்து இருக்கும் உயரம், அதோடு 15 செ.மீ. 5 அடி 8 அங்குலம் என்பது 173 செ.மீ. பெடல் 40 செ.மீ. ஏறும் என்றால் மொத்தம் 228 செ.மீ., அதாவது சுமார் ஏழரை அடி. பத்தடி கான்கிரீட் கூரைக்குக் கீழே இது பிரச்சினையே இல்லை, ஃபேனும் தலைக்கு மேலேயே இருக்கும். மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு: ஏழடியில் பரண் போட்ட அறை, மாடிப்படியின் அடிப்பகுதி, சரிவாக இறங்கும் ஷீட் கூரையின் தாழ்ந்த பக்கம். பெடலின் அதிகபட்ச உயரம் பல விளம்பரங்களில் இருக்காது. கடையில் பெடலை மேலே கொண்டுவந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

தரையில் மெஷின் பிடிக்கும் இடம் பொதுவாக நாலரை முதல் ஆறரை அடி நீளம், இரண்டு முதல் இரண்டரை அடி அகலம். ஏறி இறங்கப் பின்பக்கம் இரண்டடியாவது விடுங்கள், பக்கவாட்டில் ஒன்றரை அடி. ஹேண்டில் முன்னும் பின்னும் வீசும் என்பதால் சுவரை ஒட்டி வைக்க முடியாது. செய்தித்தாளைத் தரையில் விரித்து அந்த அளவுக்கு அடையாளம் போட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். பீரோ கதவு திறக்கிறதா, பாய் விரிக்க இடம் மிஞ்சுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வழி. பெட்டி 50 முதல் 70 கிலோ வரை இருக்கலாம், நீளம் நாலரை அடியைத் தாண்டலாம். வாசல் நிலையின் உள் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம், அடுக்குமாடி என்றால் லிஃப்டின் ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாசி வீதி, வெளி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒடுங்கிய படிகளும் சுழல் இரும்புப் படிகளும் உண்டு. அங்கே பெட்டியை மேலே ஏற்ற முடியாது. பெட்டியைக் கீழே பிரித்து, பாகங்களாக ஏற்றி, மேலே பொருத்தித் தர ஒப்புக்கொள்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

மொட்டைமாடி ஷீட் அறை வேண்டாம். சித்திரை, வைகாசியில் அங்கே பகலில் நிற்கவே முடியாது. அந்தச் சூட்டில் ஹேண்டில் ஃபோம் வெடிக்கும், திரை கெடும். ஐப்பசி, கார்த்திகைச் சாரல் உள்ளே அடித்தால் போல்ட் தலையில் துரு பிடிக்கத் தொடங்கும்.

மின்சாரத்துக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. திருகு குமிழ் வைத்த மாடல்களில் திரைக்கு மட்டும் பேட்டரி. மோட்டாரால் ரெசிஸ்டன்ஸ் மாறும் மாடல்களுக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன அடாப்டர், சாதாரண 5 ஆம்பியர் பிளக் போதும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் அடாப்டர் மாடலில் ரெசிஸ்டன்ஸை மாற்ற முடியாது. காலையில் ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுகிற பழக்கம் உள்ளவர்களுக்குக் குமிழ் மாடலே தொந்தரவில்லாதது.

2. யார் யார் ஏறப்போகிறார்கள்?

ஸ்ட்ரைட் என்பது பெடல் பின்னாலிருந்து முன்னால் போய் வரும் நீளம். ஐந்தேகால் அடிக்குக் கீழே உள்ளவருக்கு 14 முதல் 16 அங்குலம் சரியாக இருக்கும். ஐந்தேகால் முதல் ஐந்தேமுக்கால் அடி வரை 16 முதல் 18. அதற்கும் மேல் 18 முதல் 20. உயரமானவர் குட்டை ஸ்ட்ரைடில் ஏறினால் நடை கிடைக்காது, நின்ற இடத்தில் படி ஏறுவதுபோல் இருக்கும், முழங்கால் முன்பக்கம் வலிக்கும். குட்டையானவர் நீள ஸ்ட்ரைடில் ஏறினால் ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு பக்கவாட்டில் சாயும். கணவன், மனைவி இருவரும் ஓட்டப்போகிறீர்கள், ஒருவர் 5 அடி, மற்றவர் 5 அடி 9 என்றால் 16 அங்குலத்துக்கும் 18 அங்குலத்துக்கும் நடுவில் பாருங்கள், இருவருமே கடைக்குப் போய் ஏறிப் பாருங்கள். ஸ்ட்ரைடை மாற்றும் வசதி உள்ள மாடல்களும் உண்டு, விலை எகிறும்.

ஸ்ட்ரைடுக்கு இணையாக முக்கியமானது இரண்டு பெடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. விற்பனையாளர்கள் இதைச் சொல்வதே இல்லை. நாம் நடக்கும்போது இரு பாதங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியே விழும். மெஷினில் பெடல்கள் அகன்றிருந்தால் கால் அகட்டி நின்றபடி அரை மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும், இடுப்பு மூட்டும் முழங்காலின் உள்பக்கமும் வலிக்கும். இரு பெடலின் உள்விளிம்புகளுக்கு நடுவே எவ்வளவு என்று டேப்பை வைத்து அளங்கள். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே மூட்டுவலி இருக்கும் அம்மா, அப்பாவுக்காக வாங்குகிறவர்கள் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எடை வரம்பு: வீட்டில் அதிக எடையுள்ளவரின் எடையோடு 20 கிலோ கூட்டுங்கள். 90 கிலோ ஆளுக்கு 110 கிலோ வரம்பாவது இருக்க வேண்டும்.

நெஞ்சுவலி, சமீபத்திய அறுவை சிகிச்சை, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டபின் வாங்குங்கள்.

3. இரும்பைப் பாருங்கள்

மெஷினின் மொத்த எடை பல உண்மைகளைச் சொல்லிவிடும். 30 கிலோ மெஷின் 110 கிலோ ஆளைத் தாங்கும் என்று அச்சடித்திருந்தாலும், வேகம் எடுத்தால் ஆடும். பெரியவர்கள் ஓட்ட 45 கிலோவுக்கு மேல் இருப்பது நல்லது.

ஃப்ளைவீல், அதாவது மெஷினுக்குள் சுற்றும் கனமான சக்கரம், எடை அதிகமானால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 4 கிலோ சக்கரத்தில் பெடல் உச்சிக்கு வரும்போதும் அடிக்குப் போகும்போதும் ஒரு வெட்டு வெட்டும். 7, 8 கிலோவில் அது குறைந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டுக் காலைத் தளர்த்துங்கள். பெடல் சில சுற்றுகள் தானாகச் சுற்றி மெதுவாக நின்றால் சக்கரத்தில் எடை இருக்கிறது. உடனே நின்றால் இல்லை.

அடுத்து கிராங்க். பெடல் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் கை இது. வீட்டு எலிப்டிகல்களில் அடிக்கடி பழுதாகும் இடங்களில் இதுவும் ஒன்று. மலிவான மாடல்களில் கிராங்க், அச்சின் சதுர முனையில் மாட்டி ஒரே நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நட் கால் சுற்று தளர்ந்தாலே 'டக், டக்' என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே போனால் கிராங்கின் சதுரத் துளை உருண்டையாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். எனவே கிராங்க் தனியாக ஸ்பேராகக் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற கடையில் வாங்க வேண்டாம்.

சக்கரம் முன்னால் இருக்கும் மாடல்களில் பல, தண்டவாளம் போன்ற குழாயின் மேல் ரோலர் ஓடும் வகை. அந்தக் குழாயில் நம்மூர் புழுதியும் தலைமுடியும் சேரும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். சாலையோர வீடு என்றால் ரோலர் இல்லாத வகையே வசதி.

வீட்டு உபயோக எலிப்டிகலுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 20957, பகுதி 9. அதில் 'எச்' வகுப்பு வீட்டுக்கு, 'எஸ்' வகுப்பு ஜிம்முக்கு. மேனுவலில் இது குறிப்பிடப்பட்டிருந்தால் நல்ல அறிகுறி.

4. எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?

காந்த வகையில் ஆரம்ப மாடல்கள் சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய். ஒருவர் மட்டும் மிதமாக ஓட்ட இது போதும். குடும்பமாக ஓட்ட 25,000 முதல் 50,000 வரை ஒதுக்குங்கள். அதற்கு மேல் போவது ஸ்ட்ரைடுக்காகவும் சக்கரத்துக்காகவும் இருக்கட்டும், திரைக்காக வேண்டாம். திரை காட்டும் கலோரிக் கணக்கு தோராயம்தான். ஹேண்டிலைப் பிடித்தால் காட்டும் இதயத்துடிப்பும், கை வியர்த்தால் தாறுமாறாக ஓடும்.

விலைக்கு வெளியே வரும் செலவுகளைத் தனியாக எழுதிக் கூட்டுங்கள்: ரப்பர் மேட் (6 மி.மீ. தடிமனாவது வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸில் மெஷின் நகரும்), மாடி ஏற்றும் கூலி, பொருத்தும் கட்டணம், 'நோ காஸ்ட்' தவணை என்றால் வங்கியின் பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும். உடற்பயிற்சிக் கருவிக்கு ஜிஎஸ்டி 18%. சொன்ன விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்காமல் விட்டால் 30,000 என்று பேசியது 35,400 ஆகும்.

5. கடையில் பத்து நிமிடம்

ஷூ போட்டுக்கொண்டு போங்கள். வெறுங்காலில் ஏறிப் பார்த்துவிட்டு வீட்டில் ஷூவோடு ஓட்டினால் நிலையே மாறிவிடும்.

கீழே இருக்கும் பெடலில்தான் முதல் காலை வைக்க வேண்டும். மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸில், மிக மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் மெஷினின் குறை தெரியாது, மெதுவாக ஓட்டும்போதுதான் வெட்டு தெரியும். பிறகு கடைசி எண் வரை குமிழைத் திருகுங்கள். சில மாடல்களில் 1 முதல் 4 வரை ஒரே மாதிரி இருக்கும், 8 வைத்தாலும் மூச்சு வாங்காது. அதை வாங்கினால் இரண்டே மாதத்தில் உங்கள் உடம்பு மெஷினைத் தாண்டிவிடும். பின்பக்கமாகவும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். பெல்ட் நழுவினால் அப்போது ஒரு குலுக்கல் தெரியும். ஓட்டும்போது பாதம் முழுவதும் பெடலில் படிந்திருக்கிறதா, முன்னால் போகும் காலின் முழங்கால் விரல் நுனியைத் தாண்டிப் போகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும் மாடலும் டெலிவரிக்கு வரும் மாடலும் ஒன்றுதானா என்று மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உருவம், ஒரே நிறம், சக்கரம் மட்டும் இரண்டு கிலோ குறைவு என்று வேறொரு எண்ணில் இருப்பது சாதாரணம்.

6. பில்லும் வாரண்டியும்

கைக்கு வர வேண்டியவை: மாடல் எண், சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில், கடை முத்திரையோடு வாரண்டி கார்டு, மேனுவல். தமிழ்நாட்டுக் கடை என்றால் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், பில்லில் 9% வீதம் இரண்டாக வரி பிரிந்திருக்கும். வெளிமாநில விற்பனையாளர் என்றால் ஐஜிஎஸ்டி 18% என்று ஒரே வரி. 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்பதை ஏற்காதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

வாரண்டியில் படிக்க வேண்டிய வரிகள் மூன்று. ஃபிரேமுக்கு எத்தனை ஆண்டு, பாகங்களுக்கு எத்தனை ஆண்டு என்று பிரித்துப் போட்டிருக்கும், பெரிய எழுத்தில் இருப்பது ஃபிரேமின் கணக்கு மட்டும். ஆள் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பது அடுத்தது. 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரி மூன்றாவது. அடுக்குமாடிச் சங்கத்தின் பொது அறையில் வைத்தால் வாரண்டி போய்விடும்.

7. டெலிவரி

ஆன்லைனில் வாங்கினால் உங்கள் பின்கோடுக்கு டெலிவரி உண்டா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், பொருத்தித் தருவதும் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அண்ணா நகர், கே.கே. நகருக்கு ஆள் வருவார், உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பெட்டி மட்டும் வரும் என்பது நடக்கக்கூடியது. பார்சல் சர்வீஸில் அனுப்பினால் வீட்டு வாசல் வரையா, குடோன் வரையா என்று எழுத்தில் வாங்குங்கள். குடோன் என்றால் குட்டியானை வாடகையும் இரண்டு ஆள் சுமைகூலியும் உங்கள் தலையில்.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் குடியிருப்பவர்கள் சித்திரைத் திருவிழா நாட்களில் டெலிவரி வைத்துக்கொள்ளாதீர்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் வண்டி வராது. பெட்டி திரும்பிப் போனால் மறுபடி வர நாளாகும்.

பெட்டி வந்ததும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே 'பெட்டி சேதம்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பிரிப்பதை ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுங்கள். சேதப் புகாருக்கு 24 அல்லது 48 மணி நேரம்தான் கொடுக்கும் விற்பனையாளர்கள் உண்டு. பொருத்துகிறவர் நான்கு நாள் கழித்து வரட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் அந்தக் கெடு தாண்டிவிடும்.

8. பொருத்தும்போது

ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு பேர் வேண்டும். மெஷினை வைக்கப்போகும் அறையிலேயே பொருத்துங்கள்.

இடது பக்கப் பாகங்களில் 'எல்', வலது பக்கத்தில் 'ஆர்' என்று முத்திரை இருக்கும். பல மாடல்களில் இடது பெடலின் போல்ட்டுக்கு இடது மரை, சைக்கிள் பெடலைப் போல எதிர்ப்பக்கம் திருகினால்தான் ஏறும். வழக்கமான பக்கம் திருகி, ஏறவில்லை என்று ஸ்பேனரால் அழுத்தினால் கிராங்கின் மரை அறுந்துபோகும். வாரண்டியும் இதற்குக் கை கொடுக்காது. முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள், கையால் ஏறாத போல்ட்டைக் கருவியால் ஏற்றக் கூடாது. எல்லா போல்ட்டையும் முக்கால்வாசி ஏற்றி, மெஷினை நிமிர்த்தி நிறுத்தி, ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் முழுதாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளைகள் நேராக வராது. மிச்சம் விழுந்த வாஷர் ஒன்று கையில் இருந்தால் அது ஏதோ ஓரிடத்தில் விடுபட்டிருக்கிறது, விடாமல் தேடுங்கள்.

கடைசியாக, அடியிலுள்ள சமன் திருகுகளைத் திருகி நான்கு மூலையும் தரையைத் தொடச் செய்யுங்கள்.

9. முதல் மாதம்

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பத்தாவது நாளில் கிராங்க் நட், பெடல் போல்ட், ஹேண்டில் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை. ஓட்டி முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள், உப்பு படிந்த இடத்தில்தான் துரு தொடங்கும். சீரியல் எண் ஸ்டிக்கரும் வியர்வையில் அழியும், முதல் நாளே படம் எடுத்து வையுங்கள். கீச்சுச் சத்தம் வந்தால் மூட்டுகளுக்குள் இருக்கும் புஷ் வளையங்களில் லித்தியம் கிரீஸ் கொஞ்சமாக வையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது புழுதியைப் பிடித்துக் களிம்பாகிவிடும்.

சேலை, துப்பட்டா, வேட்டியோடு ஏறக் கூடாது. பெடல் மூட்டில் துணி சிக்கினால் சக்கரம் உடனே நிற்காது. அதே காரணத்தால் குழந்தைகளை மெஷின் பக்கம் விடாதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகும் பெடலும் ஹேண்டிலும் சில சுற்று ஆடும், சிறு விரல் மூட்டுக்குள் போனால் நசுங்கிவிடும். ஓட்டி முடித்ததும் ரெசிஸ்டன்ஸைக் கடைசி எண்ணில் வைத்துவிட்டுப் போங்கள்.

10. பழசு வாங்குவதென்றால்

கிராங்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரெசிஸ்டன்ஸ் குமிழைத் திருகி இறுக்கம் மாறுகிறதா பாருங்கள். மாறாவிட்டால் உள்ளே கேபிள் அறுந்திருக்கலாம், அது சரிசெய்யக்கூடியது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். சக்கரப் பகுதியிலிருந்து 'கர்' என்ற ஓசை வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். மாடல் எண்ணை வைத்து ஸ்பேர் கிடைக்கிறதா என்று விசாரித்தபின் பணம் கொடுங்கள்.

11. கடைக்காரர் கைவிரித்தால்

போனில் பேசிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். புகாரை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரையிலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில், வாரண்டி கார்டு, பெட்டி பிரித்த வீடியோ, அனுப்பிய புகார்களின் நகல், பணம் கட்டிய ஆதாரம் ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்தால் மனு எழுத ஒரு நாள் போதும்.